சுரண்டிய இடம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். உன் இடது காது எப்படி இருக்கிறது? வலது காது போனதிலிருந்து அண்ணி உன் இடப்பக்கம் நின்றுதான் சண்டை போடுகிறார்களாமே. ஃபோனில் நான் ஒன்று கேட்க நீ ஒன்று சொல்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். டீச்சர் வேலையை விட்ட பிறகும் வீட்டில் சிவப்பு மையைத் தவிர வேறு மை இல்லை. பொறுத்துக்கொள்.

நூலகச் செயலாளர் வந்திருந்தார். அப்பா பிறந்து தொண்ணூறு வருஷம் ஆகிறதாம். ஜூலையில் ஸ்டேஷன் ரோட்டுக்கு அப்பா பெயர் வைக்கிறார்கள். கூடவே அவர் வரைந்த படங்களைக் கண்காட்சியாக வைத்து, அவர் கட்டடங்களைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் போடுகிறார்கள். எழுதுவது நான். எனக்குக் கட்டடம் என்றால் உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தவன் நீதான். ஆகவே உன்னை விடுவதாக இல்லை.

நேற்று பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன், பல்வலி இல்லாமலேயே. நாற்காலிக்கு எதிரே ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. நிற்கிறவருக்கு வெறும் சுவர்தான் தெரியும். படுத்துப் பார்த்தேன், கண் நிறைய மரம். பிடுங்குகிற வலியிலும் பார்க்க ஒன்று வேண்டும் என்று யோசித்திருக்கிறார் மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் பயந்துபோய் எந்தப் பல் என்று கேட்டார்.

சந்தைக் கட்டடத்தைப் பற்றியும் எழுத வேண்டும். மாமா செய்ததை மறைக்காமல் எழுதப்போகிறேன். கூடப் பிறந்த அக்காவின் புருஷன் என்றும் பார்க்காமல் முதுகில் குத்தியவரை இன்னும் எத்தனை நாள் பொத்திப் பொத்தி வைப்பது?

அண்ணிக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் போடு.

உன் தங்கை

ஜனவரி 24

அன்புள்ள வாலுக்கு,

உன் சிவப்புக் கடிதம் கிடைத்தது. பிரித்ததும் எத்தனை மார்க் என்றுதான் தேடினேன். இங்கே அனைவரும் நலம். காது இருக்கிற மாதிரி இருக்கிறது.

அப்பாவைப் பற்றி ஒன்று கட்டாயம் எழுது. ட்ரேசிங் தாளில் தப்பு வந்தால் மற்ற ஆபீஸ்களில் பிளேடால் மையைச் சுரண்டிவிட்டு மேலே வரைவார்கள். அப்பா விடமாட்டார். தப்பான கோட்டின் மேல் ஒரு சின்ன முக்கோணம் போட்டு, ஓரத்தில் எண்ணும் தேதியும் எழுதி, சரியானதைப் பக்கத்தில் வரைய வேண்டும். "தப்பு பண்ணினா பண்ணினோம்னு தெரியட்டும்டா" என்பார். என்னுடைய ஆரம்பகாலப் படங்களில் கோடுகளைவிட முக்கோணம் அதிகம்.

நூலகப் படிக்கட்டைச் சொல்கிறேன். படி எவ்வளவு உயரம் என்று முடிவு செய்ய, மரப்பலகையில் மூன்று படி செய்து, விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய வாளியோடு என்னை ஏறச் சொன்னார். சிந்தினால் அரை அங்குலம் குறைத்தார். நாலாம் தடவை சிந்தவில்லை. வாலிபன் நான் ஈரத் துணியோடு நின்றேன், அவர் கண்டுகொள்ளவே இல்லை.

பஸ் நிலையம், தபால் ஆபீஸ் பற்றித் தனியாக எழுதிச் சேர்த்திருக்கிறேன். சந்தைக் கட்டடம் வேண்டாமே. ஆறிய புண். மாமாவுக்கும் வயதாகிவிட்டது.

வெயிலில் அலையாதே.

அன்புடன் அண்ணன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தான், கால் வலியைத் தவிர. நீயும் அண்ணியும் சுகமென்று நம்புகிறேன்.

நீ எழுதிய முக்கோணத்தைத்தான் புத்தகத்தின் முதல் பக்கமாக வைக்கப்போகிறேன். மாடி அறையில் அலமாரி அலமாரியாகப் பார்க்கிறேன். எங்கே திருப்பினாலும் முக்கோணம். இப்படி ஒரு மனிதர் எனக்கு அப்பா என்று அலமாரி முன்னால் உட்கார்ந்து பெருமைப்பட்டேன்.

ஆனால் சந்தையை எப்படி விடுவது? அவருடைய பெரிய வேலை அது. கிழக்குப் பக்கச் சுவரில் பால்கனி பிய்ந்த இடம் இன்னும் வேறு நிறமாக இருக்கிறது. கீழே உட்கார்ந்திருந்த பூட்டு ரிப்பேர்காரர் செத்தார். நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனிக்குக் கம்பி தளத்தின் மேல்பக்கம் இருக்க வேண்டும், கட்டிய மேஸ்திரியான மாமா அதை மேலே போடாமல் கீழே போட்டார் என்று கோர்ட்டிலேயே தீர்ப்பானது. ஊர் அதோடு நிற்குமா? கம்பியைத் திருடி விற்றார் என்றும் சேர்த்துக்கொண்டது. ஒன்றரை வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்த தம்பியோடு அம்மா சாகிறவரை பேசவில்லை. அம்மா செத்த அன்று அவர் வந்தபோது வாசலில் வழி மறித்தது நான்தான். கம்பியைத் தின்றவருக்கு இங்கே இடமில்லை என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

மூன்று விஷயம் சொல். அந்தப் பால்கனிப் படத்தை வரைந்தது யார்? கம்பி கட்டும்போது ஆபீஸிலிருந்து மேற்பார்வைக்குப் போனது யார்? மாமாவிடம் இருந்த பிரதி என்ன ஆனது?

சீக்கிரம் எழுது.

உன் தங்கை

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். காது டாக்டரிடம் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. புது மெஷின் வைத்திருக்கிறேன். தேவையில்லாததெல்லாம் கேட்கிறது.

தபால் ஆபீஸ் பற்றி ஒன்று விட்டுப்போனது. பணப் பெட்டி அறைக்கு அப்பா ஜன்னலே வைக்கவில்லை. போஸ்ட் மாஸ்டர் காற்று வேண்டும் என்று அழாத குறை. கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டார். காற்று போகும், கை போகாது. இதைப் போடு, படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

சந்தைப் படங்களைக் கரையான் அரித்துவிட்டதாக ஞாபகம். தேடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மேல் அலமாரிக்கு ஏணி போட்டு ஏறாதே, உனக்கு ஐம்பத்திரண்டு வயது.

அன்புடன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏணி போட்டு ஏறினேன், விழவில்லை.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நீ இருந்தால் எனக்கு என்ன தோன்றும்? மூன்று கேள்விக்கு ஒரு போஸ்ட் மாஸ்டரைப் பதிலாக அனுப்பியிருக்கிறாய். கரையான் எந்த அலமாரியிலும் இல்லை. மேல் அலமாரி என்று நீ எழுதியிருக்காவிட்டால் நான் அங்கே பார்த்திருக்கவே மாட்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு தாள் எண்ணியிருக்கிறேன். சந்தைத் தாள்களிலும் முக்கோணங்கள் உண்டு. ஒன்றில் மட்டும் இல்லை. பால்கனியையும் அதை ஒட்டிய அறையையும் வெட்டிக் காட்டுகிற தாள் அது. இரண்டு படமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அறையின் தளத்தில் கம்பி கீழே. பால்கனியில் கம்பி மேலே, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். பால்கனிப் படத்தில், தளத்தின் கீழ்ப்பக்கம் முழுக்கத் தாள் சொரசொரப்பாக இருக்கிறது. பிளேடு போன இடம். வெளிச்சத்தில் பழைய கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. முதலில் அங்கேயும் கம்பி கீழேதான் இருந்திருக்கிறது. மேலே புதிதாக வரைந்த கம்பிக்குப் பக்கத்தில் அளவு எழுதியிருக்கிறது. அதில் ஒரு ஏழு. ஏழின் நடுவில் குறுக்குக் கோடு. நம் வீட்டில் அப்படி ஏழு போடுகிறவன் ஒருவன்தான்.

விடையை அழித்துவிட்டு முதலிலேயே சரியாகப் போட்டதாகச் சாதித்த பிள்ளைகளை முப்பது வருஷம் பார்த்தவள் நான். எழுது.

உன் தங்கை

ஏப்ரல் 20

அண்ணாவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. அண்ணியிடம் ஃபோனில் பேசினேன். நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், கடிதம் வந்தது, படித்தார் என்கிறார்கள். சந்தோஷம். இங்கே எனக்குச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை.

தங்கை

மே 11

அன்புள்ள வாலுக்கு,

நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைத் திரும்பப் படிக்காமல் ஒட்டப்போகிறேன்.

படத்தில் தவறு இருந்தது. பால்கனியில் கம்பி கீழே போய்விட்டது. அப்பா பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த மாதம் நாலு வேலை ஒன்றாக ஓடியது. பால்கனி விழுந்த அன்று சாயங்காலம் அப்பா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். விளக்கைக்கூட அவர்தான் பிடித்துக்கொண்டார். பிளேடை என் கையில் கொடுத்து, "உன் கைதான் ஆடாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சுரண்டினேன். புதிதாக வரைந்தேன். மறுநாள் கேஸுக்கு வேண்டும் என்று மாமாவிடமிருந்து அவருடைய பிரதியை வாங்கி வந்துவிட்டார். அதை எரித்தார்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு முக்கோணம்கூடப் போடவில்லை. தேதிகளைப் பார், தெரியும். என்னால் அங்கே உட்கார்ந்து வரைய முடியவில்லை. ஏதோ காலத்தைத் தள்ளிவிட்டு, வேலை கிடைத்தது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

முப்பத்தெட்டு வருஷமாக இது என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றும் மிச்சமில்லை. என்னை மன்னிப்பாயா என்று கேட்கமாட்டேன்.

அண்ணன்

மே 19

அண்ணாவுக்கு,

அண்ணிக்கு உடம்பு எப்படி?

உன் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்தேன், பழக்கதோஷம். "படத்தில் தவறு இருந்தது", "கம்பி கீழே போய்விட்டது" என்று எழுதியிருக்கிறாய். அது தானாக நடந்து போனதா? வரைந்தது யார்? இதைப் பிப்ரவரியிலேயே கேட்டேன்.

உன் நெஞ்சில் கல் கிடந்ததாம். கல் விழுந்தது பூட்டு ரிப்பேர்காரர் தலையில். அம்மா தன் கூடப் பிறந்தவனைக் கரித்துக்கொட்டியபடியே செத்தாள், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். வாசலில் நான் மாமாவைத் துரத்தியபோது என் கையைப் பிடித்து உள்ளே இழுக்க உனக்கு இரண்டு கையும் இருந்தன. என்னை ஒரு பாவி ஆக்கிவிட்டு, நான் அதற்குப் பெருமைப்படுவதையும் வேடிக்கை பார்த்திருக்கிறாய். அப்பா செய்ததைத் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது. அவர் போய்விட்டார். நீ உயிரோடு இருந்துகொண்டு, கடிதத் தாமதத்துக்கு மட்டும் மன்னிக்கவும் என்று எழுதுகிற ஆள்.

அடுத்த வாரம் மாமா வீட்டுக்குப் போகிறேன். அந்தத் தாளையும் எடுத்துப் போகிறேன்.

தங்கை

மே 28

அன்புள்ள வாலுக்கு,

அண்ணிக்குச் சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றபடி நலம்.

கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஜூலை வரை பொறு. ரோட்டுக்குப் பெயர் வைக்கிற சமயத்தில் அப்பாவைச் சந்தியில் நிறுத்தாதே. ஒரு கோட்டுக்காக நூலகம், கிளினிக், பஸ் நிலையம் எல்லாமே பொய்யாகிவிடுமா? மாமாவுக்கு இப்போது சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கிறது, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். அவருக்கே மறந்திருக்கும். இந்த வயதில் அவரிடம் போய்க் கிளறுவது உன் மன ஆறுதலுக்கா, அவருடைய ஆறுதலுக்கா? யோசி.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்

ஜூன் 14

அண்ணாவுக்கு,

யோசித்தேன். போயும் வந்துவிட்டேன்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை. அத்தை என்னைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார்கள். சாத்தட்டும் என்றுதான் நானும் நின்றேன். மாமா உள்ளிருந்து யார் என்று கேட்டார். உங்கள் அக்கா மகள் என்று அத்தை சொன்னார்கள். அப்படியானால் வெயிலில் ஏன் நிற்க வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அம்மா செத்த அன்று வாசலில் நான் சொன்னதற்கு அவர் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

மறந்திருக்கும் என்றாய். கேள். சிறையிலிருந்து வந்த பிறகு அவர் கொத்துக் கரண்டியைத் தொடவே இல்லை. வேலை கொடுக்க ஆள் இல்லாதது ஒரு பக்கம். ஒரு பள்ளிக்கூட மதில் வேலை வந்திருக்கிறது, அவர்தான் மாட்டேன் என்றிருக்கிறார். சொந்த வீட்டுச் சமையலறைச் சுவர் விரிசல் விட்டபோதுகூட வெளியிலிருந்து கொத்தனாரைக் கூப்பிட்டார் என்று அத்தை சொன்னார்கள். ஏனென்றால் அவர் கோர்ட்டில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். கம்பி மேலே இருந்திருக்கிறது. பக்கத்திலிருந்த அறைப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பால்கனிக்குக் கம்பி போட்டிருக்கிறோம், ஒரு உயிரைக் கொன்றிருக்கிறோம் என்று தானே முடிவு செய்துவிட்டார். அத்தான் போட்ட படம் தப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். முப்பத்தெட்டு வருஷமாக.

தாளை ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். மங்கலான கோட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு என்னைவிடக் குறைவான நேரம்தான் ஆனது.

"அப்ப நான் பார்த்தது சரிதான்" என்றார். அத்தையைப் பார்த்து மறுபடியும் அதையே சொன்னார். அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். அவர் அழவில்லை.

பிறகு அவராகச் சொன்னார். கம்பி கட்டுகிற நாளில் அவருக்குச் சந்தேகம் வந்து, படத்தை எடுத்துக்கொண்டு நம் ஆபீஸுக்கு வந்திருக்கிறார். அப்பா வெளியூர். நீ இருந்தாய். பால்கனிக்குக் கம்பி மேலேதானே வரணும், படத்தில் கீழே இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். படத்துல எப்படியோ அப்படியே போடுங்க மாமா என்று நீ தலையைத் தூக்காமல் சொல்லியிருக்கிறாய்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதினாயே. இது எந்தக் கணக்கு?

யாரிடமாவது கேட்டாயா என்று கோர்ட்டில் அவரைக் கேட்டிருக்கிறார்கள். யாரிடமும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். நீ மூன்றாவது வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயாம். அதுவும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. தான் படத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கிறோம், நீ படத்தைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறாய், இருபத்திரண்டு வயதுப் பையனை எதற்கு இதில் இழுப்பது என்று நினைத்தாராம். ஆபீஸில் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் தண்டனை பாதியாகியிருக்கும் என்று வக்கீல் பிறகு சொன்னாராம். அத்தையிடம்கூட இதுவரை சொன்னதில்லை. என் எதிரில்தான் அத்தை இதை முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

அதன் பிறகு அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு, சுரண்டியது அத்தானா என்று கேட்டார். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன், உனக்காக இல்லை, அவருக்காக. ஆனால் இந்த வீட்டில் அவருக்குச் சொல்லப்பட்ட பொய் போதும். குறுக்குக் கோடு போட்ட அந்த ஏழு என்ற எண்ணைக் காட்டினேன். நீதான் என்று சொன்னேன்.

அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். வெளியே யாரோ சைக்கிளை எடுக்க மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். அத்தை போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தத் தாள் கண்காட்சியில் தொங்கும், அதன் கதையும் பக்கத்தில் இருக்கும், பூட்டு ரிப்பேர்காரர் வீட்டாரையும் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றெல்லாம் நான் சொன்னேன். ரோட்டுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அவர் எதற்கும் தலையாட்டவில்லை. நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் அவர் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கப்பா பண்ணினதை விடு கண்ணு, அவரு பேரைக் காப்பாத்திக்கிட்டாரு. அவன் எனக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே நான் உள்ள போனேன்."

தங்கை